முக்காற்புள்ளி

பெங்களூரு,
6 ஜனவரி 2025

அன்புள்ள பாப்பாத்திக்கு,

நீயும் ராசு அண்ணனும் கவிதாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது.

முன்பெல்லாம் மாதம் பிறந்தால் நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்று உன்னிடமிருந்து வந்துவிடும். தேதி, நேரம், நம் நட்சத்திரத்துக்கு நேராக அதன் வெளிச்சத்துக்கு ஓர் எண், எண் கூடக் கூட மங்கல். பத்து வருஷமாக அந்த இடத்தில் நீ எழுதியது பெரும்பாலும் ஒரே வரிதான்: "11.2-ஐ விட மங்கல்." தொலைநோக்கியில் தெரிகிற கடைசி நட்சத்திரம் வரைக்கும் தேடினேன், நம்மது இல்லை என்று அர்த்தம். தாளின் மூலையில் "மிளகு பூ விட்டிருக்கு", "பஸ் ரெண்டு நாளா வரல" என்று ஏதாவது கிறுக்கியிருப்பாய். நான் முதலில் படிப்பது அதைத்தான்.

காலேஜ் கடைசி வருஷம் லைப்ரரியில் உட்கார்ந்து நாம் செய்த ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? விருச்சிகத்தில் ஒரு நட்சத்திரம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திடீரென்று எரிந்து, ஒரே வாரத்தில் அணைந்துவிடும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. "நீ மலையிலிருந்து பாத்துக்கிட்டே இரு, வந்துச்சுன்னா ஒரு சத்தம் குடு, நான் அது வெளிச்சத்தப் பிரிச்சுப் பாக்கறேன்" என்றேன். அதே வேலைதான் இப்போதும். நட்சத்திர வெளிச்சத்தைப் பட்டையாகப் பிரித்து O, B, A, F, G, K, M என்று ஏழு கூடையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சின்ன உதவி. 2023 மார்ச் மாத நோட்டு உன்னிடம் பத்திரமாக இருக்கிறதா? வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய குறிப்புகளைக் கேட்கிறார். இருந்தால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. அவசரமில்லை. ஆனாலும் சீக்கிரம் வந்தால் நல்லது.

போனில் கேட்டிருக்கலாம். நம்பரை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

உன் தோழி,
சுகந்தி

*

அரியூர் நாடு, கொல்லிமலை,
20 ஜனவரி 2025

அன்புள்ள சுகந்திக்கு,

உன் கடிதம் மாட்டுப் பொங்கலன்று வந்தது. போஸ்ட்மேன் அதைக் கடைக்காரப் பாப்பாத்தியிடம் கொடுக்க, அவள் பலாமரத்துப் பாப்பாத்தியிடம் கொடுக்க, மூன்றாவதாக என்னிடம் வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் இன்றைக்கும் ஏழு பாப்பாத்தி. ஹாஸ்டலில் இதைக் கேட்டுவிட்டு நீ எனக்கு "R பாப்பாத்தி" என்று பெயர் வைத்தாய். ஒரு விண்மீன் கூட்டத்தில் வெளிச்சம் மாறுவதாக முதலில் கண்டுபிடித்த நட்சத்திரம் R, அடுத்தது S, Z வரைக்கும் போய்விட்டு அப்புறம் இரட்டை எழுத்து. எழுத்தெல்லாம் தீர்ந்தால் V335 என்று வெறும் நம்பர். எங்கள் ஊரில் இன்னும் யாருக்கும் நம்பர் போடவில்லை, அந்த மட்டும் சந்தோஷம்.

மிளகு பறிப்பு ஆரம்பித்துவிட்டது. ராசு சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு ஏறுகிறார், நான் கீழே நின்று பயப்படுகிறேன். குச்சிக்கிழங்கு லாரி போன வாரம் வந்து போனது. கவிதா எட்டாவது படிக்கிறாள்.

இவ்வளவுதான் செய்தி. இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

நான் தாள் அனுப்புவதை நிறுத்தியபோது நீ ஏன் என்று கேட்கவில்லை. ஒன்றே முக்கால் வருஷம் கழித்து இப்போது எழுதுகிறாய், அதுவும் என்னைக் கேட்கவில்லை, நோட்டைக் கேட்கிறாய். எனக்கு அது சுருக்கென்று இருந்தது. எழுதாமல் விட்டால் மனசுக்குள்ளேயே கிடக்கும், எழுதிவிட்டேன்.

2023 மார்ச் 23. காலை நாலு நாற்பது. விருச்சிகம் தெற்கே நன்றாக ஏறியிருந்தது. பத்து வருஷமாக வெறுமையாகப் பார்த்த இடத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. வரைபடத்தோடு மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். பக்கத்தில் 7.8 ஒன்று, 8.4 ஒன்று, இரண்டுக்கும் நடுவில் நம்மது. 8.1 என்று எழுதினேன். அவசரத்தில் எட்டு கோணலாக விழுந்தது. ராசுவை எழுப்பி, "ஏனுங்க, வந்து பாருங்க" என்றேன். அவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தன வருசம்? மத்த நட்சத்திரம் மாதிரித்தான இருக்குது" என்றார். அவரைத் திட்டக்கூட நேரமில்லாமல் டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஓடினேன்.

"புள்ள, நம்மது வந்துருச்சு, எட்டுப் புள்ளி ஒண்ணு" என்றேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "பக்கத்துல இருக்கறதப் பாத்திருப்ப. நாளைக்கு இன்னொருக்கா பாரு."

மறுநாள் கோடை மழை. ஐந்து நாள் மலையே தெரியாத மூட்டம். ஆறாம் நாள் பார்த்தேன், அந்த இடத்தில் ஒன்றுமில்லை. மறுபடி மேட்டுக்குப் போய், "வேற யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டேன். "தெரியல புள்ள, பாக்கறேன்" என்றாய். அதன்பிறகு நீ பேசவில்லை.

நாமக்கல் போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்படியானால் குறை புத்தியில்தான் என்று முடிவு செய்து, தொலைநோக்கியைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். இப்போதெல்லாம் காலையில் அண்ணாந்து பார்க்காமல் வாசலைக் கூட்டி முடித்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். பக்கத்து நட்சத்திரம் எது, தன் நட்சத்திரம் எது என்று தெரியாத ஒருத்தியின் நோட்டு வெளிநாட்டுக்காரருக்கு எதற்கு?

அன்புடன்,
பாப்பாத்தி

*

பெங்களூரு,
2 பிப்ரவரி 2025

பாப்பாத்தி,

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ பார்த்தது நம்மதுதான்.

உலகத்தில் முதலில் பார்த்தது நீதான். உனக்கு நாற்பத்தொரு மணி நேரம் கழித்து நியூசிலாந்தில் ஒருவர் பார்த்தார். அவர் உடனே அறிவித்தார். எல்லாத் தொலைநோக்கிகளும் அந்தப் பக்கம் திரும்பின. கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர் பதிவாயிற்று.

நீ கூப்பிட்ட காலையில் எனக்கு எட்டரைக்கு ஒரு கூட்டம். பெரிய ஆட்கள் வருகிற கூட்டம். கொல்லிமலையிலிருந்து என் தோழி கூப்பிட்டாள், நட்சத்திரம் வெடித்துவிட்டது என்று நான் எழுந்து சொல்லி, அது தப்பாகிப் போனால் எல்லாரும் சிரிப்பார்களே என்று பயந்தேன். உன்னை நம்பவில்லை என்பதைவிட, உன்னை நம்பினேன் என்று மற்றவர் முன்னால் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டேன். இதை எழுதவே கூசுகிறது.

இரண்டாம் நாள் நியூசிலாந்து அறிவிப்பு வந்தது. உலகெங்கும் நட்சத்திரம் பார்ப்பவர்களின் பதிவுகளைச் சேர்க்கிற சங்கத்துக்கு உன் பதிவை நான் இன்னும் அனுப்பியிருக்கவில்லை. உன் பெயரில் அவர்கள் கொடுத்த மூன்றெழுத்துக் குறியீட்டில் எல்லாவற்றையும் ஏற்றுவது நான்தானே? இப்போது ஏற்றினால், "இரண்டு நாள் ஏன் கையில் வைத்திருந்தாய்?" என்று கேட்பார்கள். ஏற்றாமலிருக்கவும் மனசு வரவில்லை. அதனால் ஏற்றினேன், 8.1-க்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்து, "8.1:" என்று.

அதற்கு அர்த்தம் உனக்குத் தெரியும். மேகம் குறுக்கே வந்தால், நிலா வெளிச்சம் அடித்தால், பார்த்தவருக்கே சந்தேகம் இருந்தால் எண்ணுக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைப்போம். அன்று மேகமில்லை. அமாவாசை கழிந்து ரெண்டாம் நாள், நிலாவும் இல்லை. உனக்குச் சந்தேகமும் இல்லை. அந்தப் புள்ளிகள் இரண்டும் என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் வைத்தவை.

இன்னும் இருக்கிறது. அந்த வெடிப்பைப் பற்றி எங்கள் குழு கட்டுரை எழுதியது. நாலாவது பெயர் என்னுடையது. அதில் ஒரு வரி: "சந்தேகக் குறியிட்ட மதிப்பீடுகள் வரைபடத்தில் சேர்க்கப்படவில்லை." எழுதியது நான். நீ ஆறாம் நாள் கூப்பிட்டு, "வேற யாராச்சும் பாத்தாங்களா" என்று கேட்டபோது அதன் நிறமாலை என் எதிரே கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் தெரியல என்றேன்.

இப்போது நோட்டு கேட்பவர், அந்த நட்சத்திரம் எவ்வளவு வேகமாக ஒளிர்ந்தது என்று தேடுகிறார். எழுச்சியைக் காட்டுகிற பதிவு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் முக்காற்புள்ளி. "இவர் யார், இவருடைய நோட்டு கிடைக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வராமலிருந்தால் இதை உனக்கு எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

மன்னிப்புக் கேட்க முகமில்லை. கண் டாக்டரிடம் போனாய் என்று படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

சுகந்தி

*

பெங்களூரு,
9 மார்ச் 2025

பாப்பாத்தி,

ஐந்து வாரம் ஆயிற்று. கடிதம் வேறு பாப்பாத்தியிடம் போய்ச் சேர்ந்திருக்குமோ என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். போன வாரம் அம்மாவைப் பார்க்கக் காளப்பநாயக்கன்பட்டி வந்திருந்தேன். மலைக்கு ஏறுகிற பஸ்ஸில் உட்கார்ந்தும் விட்டேன். காரவள்ளியில், முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். கண்டக்டர், "ஏனுங்க, மலைக்குன்னு டிக்கெட் வாங்குனீங்க?" என்றார். தலைவலி என்று பொய் சொன்னேன்.

நோட்டு வேண்டாம். திட்டியாவது ஒரு வரி எழுது.

சுகந்தி

*

அரியூர் நாடு, கொல்லிமலை,
23 மார்ச் 2025

சுகந்திக்கு,

கடிதம் சரியான பாப்பாத்திக்குத்தான் வந்தது. படித்துவிட்டு மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. ராசு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெங்களூர்ல யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அன்னிக்கு நானும் பாத்தனே, ரெண்டாவது ஆளு நானா?" என்றார். நியூசிலாந்துக்காரர் மூன்றாமவர் என்று அவருக்கு ஒரே பெருமை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உன்மேல் எனக்குக் கோபம், சுகந்தி. நட்சத்திரம் போனதற்கு இல்லை. அது எப்படியும் என் பெயரைச் சுமக்கப் போவதில்லை, அதற்கு V-யும் ஒரு நம்பரும் என்றைக்கோ போட்டாகிவிட்டது. என் கண்ணை என்னையே சந்தேகப்பட வைத்தாய். மிளகு காய்ந்ததா இல்லையா என்று ஒரு நாளும் யோசிக்காதவள், இப்போது கவிதாவைக் கூப்பிட்டு, "காஞ்சிருச்சா பாரு கண்ணு" என்று கேட்கிறேன். அதை நீ திருப்பித் தர முடியாது.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் போன மாதமே வந்திருக்கும். நிறுத்த முடியாததால்தான் இவ்வளவு நாள்.

நோட்டை அனுப்பியிருக்கிறேன். அதில் 2022 ஆடி மாதத்தைப் பார். ஜூலை 24, 25, 27, 30. நாலு நாளும் "11.2-ஐ விட மங்கல்" என்று இருக்கும். நான்கும் பொய். அந்த நாலு நாளும் வாசல் பலாமரமே தெரியாத மூட்டம். நான் வெளியே வரக்கூட இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து எழுதினேன்.

ஏன் என்றால், அதற்கு முந்தின மாதம் நீ எழுதியிருந்தாய்: "என் தோழி ஒரு நாளும் விடமாட்டாள் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்." மேகம் என்று எழுதினால் போதும், ஒரு குற்றமுமில்லை. ஆனால் அந்த மாதம் தாள் முழுக்க மேகம், மேகம் என்று வந்தது. உன் பேச்சு பொய்யாகிவிடுமே என்று நாலு நாளை நிரப்பினேன். எப்படியும் அது இருக்கப் போவதில்லை, இல்லை என்று எழுதினால் என்ன தப்பு என்று நினைத்தேன். நட்சத்திரம் தெரியவில்லை என்பதும் வானமே தெரியவில்லை என்பதும் ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரத்தில் அது ஒரு தடவை எரிந்து அணைந்திருந்தால், என் நாலு வரிதான் அதை மூடி மறைத்திருக்கும்.

நீ "பக்கத்துல இருக்கறதப் பாத்திருப்ப" என்று சொன்னபோது நான் ஏன் சண்டை போடவில்லை என்று யோசித்தாயா? மூன்று தடவை சரிபார்த்தவள் ஏன் வாயை மூடிக்கொண்டேன்? அடுப்படியில் உட்கார்ந்து எழுதினவளுக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றியது. அதனால் நீ வைத்த முக்காற்புள்ளிக்கு நானும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறேன்.

8.1-ஐ நிமிர்த்த வேண்டுமானால் நிமிர்த்து. ஆனால் அந்த நாலையும் சேர்த்து எடு. ஒன்றை மட்டும் செய்தால் எனக்கு வேண்டாம்.

பாப்பாத்தி

*

பெங்களூரு,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள பாப்பாத்திக்கு,

நோட்டு வந்தது. மார்ச் 23-ஆம் பக்கத்தில் கோணல் எட்டைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஒரு புள்ளியும் இல்லை.

அந்த ஆடி மாதத் தாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்தவள் நான். ஆடியில் கீழேயிருந்து அண்ணாந்தால் மலை இருக்கிற இடமே தெரியாது என்று எனக்குத் தெரியாதா? அந்த நாலு வரியைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் உறுத்தியது. கேட்டால் நீ வருத்தப்படுவாய் என்று அப்படியே ஏற்றிவிட்டேன். நீ பொய் எழுதியபோது வாயைத் திறக்காமல் நம்பினேன். மெய்யைச் சொன்னபோது சந்தேகப்பட்டேன்.

குழுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "ரெண்டு வருஷமா தெரிஞ்சிருந்தும் சொல்லலியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், நான் தலையாட்டினேன். அடுத்த திட்டத்தில் என் பெயர் இல்லை. இதை உன் பரிதாபத்துக்காக எழுதவில்லை, மறைத்தால் அது இன்னொரு பொய்யாகிவிடும் என்று எழுதுகிறேன்.

சங்கத்துக்கு நோட்டுப் பக்கங்களின் படத்தோடு எழுதினேன். நீ சொன்னபடி ஐந்தும் ஒரே நாளில் நடந்தன. ஜூலையின் நாலு பதிவுகள் நீக்கப்பட்டன, பார்த்தவர் தாமே திரும்பப் பெற்றார் என்ற குறிப்போடு. 8.1-இன் முக்காற்புள்ளி எடுக்கப்பட்டது. அது ஏன் வைக்கப்பட்டது என்பதற்கு என் பெயர் போட்டு ஒரு குறிப்பு இருக்கிறது. எங்கள் கட்டுரைக்குத் திருத்தமும் வரும். நோட்டு கேட்டவர், "தானே தவறை ஒத்துக்கொள்பவரின் மற்ற எண்களை நான் நம்புவேன்" என்று எழுதியிருக்கிறார். தன் கட்டுரையில் உன் பெயரைச் சேர்க்கச் சம்மதம் கேட்கிறார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் நியூசிலாந்துக்காரர்தான் இருப்பார். முதலில் அறிவித்தவருக்குத்தான் அது. அதை என்னால் மாற்ற முடியாது.

நோட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சங்கத்தின் கணக்கு இனி உன்னுடையது. கடவுச்சொல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், உடனே மாற்றிவிடு. என் கையில் அது இருக்கக் கூடாது.

கடிதத்தின் அடியில் "உன் தோழி" என்று எழுதப் பேனா போகிறது. எழுதலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

சுகந்தி

*

அரியூர் நாடு, கொல்லிமலை,
27 மே 2025

அன்புள்ள சுகந்திக்கு,

பலாப்பழக் காலம். ஊரெல்லாம் ஈயும் வாசனையும். ராசு முந்தாநாள் பரணில் ஏறித் தொலைநோக்கியை இறக்கினார். சாக்குக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. "ரெண்டாவது ஆளுக்கு மொதல்ல காட்டு" என்று நின்றார். ஒன்றுமே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு படுக்கப் போனார்.

எங்கள் பக்கம் டவர் வந்துவிட்டது. இனி உனக்குத் தாள் வராது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். நேற்றிரவே நானாக இரண்டு பதிவு அனுப்பினேன், கவிதா பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தொட வேண்டும் என்று காட்டினாள்:

மே 25: மேகம். பார்க்கவில்லை.
மே 26, இரவு 9.10: 11.4-ஐ விட மங்கல்.

முதல் வரியை எழுதி முடித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. இரண்டாவதில், அந்த 11.4 நட்சத்திரம் தெரிகிறதா, தெரிகிற மாதிரி இருக்கிறதா என்று வெகுநேரம் தடுமாறினேன். முக்காற்புள்ளி வைக்கப் போனேன். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். தெரிந்தது. வைக்கவில்லை.

கட்டுரையில் பெயர் போட எனக்குச் சம்மதம். வெறும் பாப்பாத்தி என்று போட்டால் இங்கே ஆறு பேர் சண்டைக்கு வருவார்கள், அதனால் ராசு பாப்பாத்தி என்று போடச் சொல். அவர் ஒரு பங்கு கேட்கிறார்.

நீ கேட்டதற்கு ஒரு வாரம் யோசித்தேன். உன்னைத் தோழி இல்லை என்று எழுதினால் அது ஐந்தாவது பொய்யாகிவிடும். பழைய மாதிரியே என்று எழுதினாலும் அதுவும் பொய்தான். இல்லாததை எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். அதனால் எனக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவை எழுதுகிறேன். அடுத்த தடவை பஸ் ஏறினால் காரவள்ளியில் இறங்காதே. வந்து உட்கார், சேர்ந்து இன்னொரு தடவை பார்க்கலாம். அப்போது தெளிவாகத் தெரிந்தால் கீழே வைத்திருக்கிற இரண்டு புள்ளிகளையும் எடுத்துவிடுகிறேன்.

உன் தோழி:
பாப்பாத்தி